மால்டினி ஆடியது 647 ஆட்டமா, 902ஆ, 1028ஆ?

இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்டினி ஆடிய ஆட்டங்களுக்கு மூன்று வெவ்வேறு எண்களைக் கண்டு, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். மிலான் சங்கத்தின் அணிக்காக ஆடிய மொத்தம்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், அவர் பெயருக்கு நேராக 902 என்று எழுதுங்கள். 647 பிழையன்று, அது இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ ஆட்டங்கள் மட்டும். கோப்பைப் போட்டிகளும் ஐரோப்பியப் போட்டிகளும் அதில் சேராது.

மூன்றாவதாக நீங்கள் கண்ட 1028இலிருந்து 126ஐக் கழித்துப் பாருங்கள், 902 வரும். அந்த 126 இத்தாலி நாட்டு அணிக்காக 1988 முதல் 2002 வரை ஆடியவை. யாரோ இரண்டையும் கூட்டியிருக்க வேண்டும்.

647ஐ இன்றும் நிற்கும் “சீரி ஆ சாதனை” என்று குறித்துவிடாதீர்கள். 2020இல் கோல்கீப்பர் புஃபோன் அதைக் கடந்துவிட்டார். ஆனாலும் 1985 ஜனவரியில் 16 வயதில் களமிறங்கிய ஒரு தடுப்பாட்டக்காரர், 2009 வரை 25 பருவங்கள் ஒரே சங்கத்துக்காக ஆடியதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.