நாய்ப் பழக்கம்: கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): மூணு மாச லேப் குட்டி சார். கை, கால் எல்லாம் கடிச்சுக் குதறுது.

பதில்: பால்பல் நாலாவது மாதம் விழத் தொடங்கி, ஆறாம் மாத வாக்கில் முழுதும் மாறும். அதுவரை ஈறு நமநமக்கும். பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அது துரத்துகிற விளையாட்டாகிவிடும். அசையாமல் இருந்து, மெல்ல எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் 20 விநாடி போய் வாருங்கள். திரும்பியதும் ஈரத்தோடு ஃப்ரீசரில் வைத்து எடுத்த கெட்டித் துணியைக் கடிக்கக் கொடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். ஒருவர் கையைக் கொடுத்து விளையாட, இன்னொருவர் தடுத்தால் குட்டி எதையும் கற்காது. சாயங்காலம் வெறி பிடித்தது போலக் கடித்தால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை.

கேள்வி (திருநெல்வேலி): ஒரு வயசு சிப்பிப்பாறை. தட்டுப் பக்கம் போனா உறுமுது. அப்பா, ரெண்டு போட்டா அடங்கிடும்கிறார்.

பதில்: அப்பாவிடம் சொல்லுங்கள்: அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் விடும், பயத்தை விடாது. அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

உறுமலுக்கு முன்பே உடம்பு விறைக்கும், வேகவேகமாக விழுங்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். இவை எதுவும் வராத தூரம் எவ்வளவு என்று பாருங்கள். ஆறடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் நடந்துபோகிற போக்கில், விரல் நகமளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டருகே போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு முறை போதும். நீங்கள் வரும்போது உடம்பு தளர்ந்து, எதிர்பார்ப்போடு நிமிர்ந்து பார்த்தால் அடுத்த நாள் அரையடி நெருங்கலாம். விறைத்தால் அரையடி பின்வாங்குங்கள். அவசரப்பட்டுக் கிட்டே போவதால்தான் இது கெடுகிறது. பயிற்சி இல்லாத வேளைகளில் கதவடைத்த அறையில் சாப்பாடு போடுங்கள், குழந்தைகள் உள்ளே போகக் கூடாது. திடீரென்று தொடங்கிய உறுமல் என்றால் பல், காது, வயிற்றில் வலி இருக்கிறதா என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கோவை): இதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுக்கறதுங்க. தட்டைப் பிடுங்கி யார் தலைவன்னு காட்டணும். ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தானுங்க?

பதில்: அப்படி இல்லை. அந்தக் கருத்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அவர் பார்த்தவை அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள். அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு 1999-இல் எழுதிய கட்டுரையில், கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று விளக்கினார். தட்டைப் பிடுங்கினால் நாய் தெரிந்துகொள்வது ஒன்றுதான்: மனிதக் கை வந்தால் சோறு போய்விடும்.

கேள்வி (கோவை, மீண்டும்): எங்க நாய் அடிச்சப்புறம் அடங்கித்தானுங்க இருக்கு.

பதில்: நீங்கள் கிட்டே போகும்போது முகத்தைத் திருப்புகிறதா, உதட்டை நக்குகிறதா, வாலை இடுக்குகிறதா? அது அடக்கம் இல்லை, பயம். ஒரு நாள் வீட்டுக்கு வரும் குழந்தை குனிந்து தொடும்போது, எச்சரிக்கை கொடுக்கத் தெரியாத நாயாக அது இருக்கும். எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்.

கேள்வி (சேலம்): அப்ப கழுத்தை இறுக்குற சங்கிலி?

பதில்: வேண்டாம். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள். கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள்.

கேள்வி (சென்னை): தீபாவளிக்கு என்ன செய்யறது? கட்டிலுக்கடியில் நடுங்குது.

பதில்: இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பதிவு செய்த வெடிச்சத்தத்தை, காது மட்டும் அசைகிற அளவு மெதுவாக வையுங்கள். சத்தம் முதலில், கோழித்துண்டு பிறகு. வரிசை மாறினால், கோழியைக் கண்டாலே வெடி வரும் என்று பயப்படும். அன்றைக்கு இருட்டுமுன் நடைக்குக் கூட்டிப்போய்விட்டு, உள்ளறையில் ஜன்னலடைத்து வையுங்கள். ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம், அதனால் பயம் அதிகமாகிவிடாது. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி (ஈரோடு): உண்ணி போக என்ன மருந்து?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): குட்டி கடிக்குது, என்ன பண்ண?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (விருதுநகர்): எங்க ராஜபாளையம் எலும்பு கொடுத்தா உறுமுது. தட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. மேலே அவ்வளவு எழுதியிருக்கிறேன். தட்டுக்குச் சொன்னதே எலும்புக்கும்.

கேள்வி (மதுரை): நேத்து உறுமின நாயை அதட்டினேன், கையில பல் பட்டு லேசா ரத்தம். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டது.

பதில்: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போங்கள். பயிற்சியைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.