வன்னியில் இருந்து ஒன்லைனில் பட்டப்படிப்பு படிக்கிறேன். இறுதிப் பரீட்சைக்கு மேற்பார்வையாளரை எங்கே பிடிப்பது?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஒட்டுசுட்டானில் இருக்கிறார், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்லைனில் படிக்கிறார், இந்தத் தவணை இரண்டு பாடங்களின் இறுதிப் பரீட்சையை ஒரு மேற்பார்வையாளர் முன்னால் இருந்துதான் எழுத வேண்டுமாம், அந்த ஆளையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறதாம்.

நான் புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு இதே மாதிரியான ஒரு படிப்பை முடித்தவன். மேற்பார்வையோடு ஒன்பது பரீட்சை எழுதினேன். பத்து எழுதியிருக்க வேண்டும், முதலாவது பரீட்சைக்கு ஆள் கிடைக்காமல் போய் அந்தப் பாடத்தைத் திரும்பவும் காசு கட்டி எடுத்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்மதிக்கிற ஆள் கிடைப்பது இங்கே பெரிய வேலை இல்லை. யாரைக் கேட்டாலும் "அதுக்கென்ன தம்பி, வந்து இருந்து எழுதன்" என்பார்கள். அந்த ஆளிடம் வேலை செய்யும் இடத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. நான் முதலில் கேட்டது எங்கள் பக்கத்துப் பாடசாலை அதிபரை. சாதாரண தரம், உயர்தரம் என்று வருடக்கணக்காகப் பரீட்சை நிலையங்களில் நின்றவர், மண்டபத்துக்குள் ஒருவன் பென்சில் கட்டரை எட்டி வாங்கினாலே கண்டுபிடித்துவிடுவார். அவரை விட நல்ல மேற்பார்வையாளர் எங்கே கிடைப்பார்? பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையாளர் படிவத்தை நிரப்பி ஒப்பமும் பாடசாலை முத்திரையும் வைத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது, ஏற்கமுடியாது, கொடுத்திருப்பது ஜிமெயில் முகவரி. எங்கள் பக்கம் நிறையப் பாடசாலைகளின் அலுவலக முகவரியே ஜிமெயில்தான் என்று விளக்கி நான் எழுதிய பதிலுக்கு மறுமொழி வரும்போது பரீட்சை வாரம் முடிந்துவிட்டது.

அப்போது சரியான கோபம். இப்போது யோசித்தால் அவர்கள் பக்கமும் விளங்குகிறது. பரீட்சையைத் திறக்கும் கடவுச்சொல் மேற்பார்வையாளரின் மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. ஜிமெயிலை யாரும் யார் பெயரிலும் திறக்கலாம், நானே அதிபர் பெயரில் ஒன்றைத் திறந்து வீட்டில் இருந்து எழுதியிருக்கலாம் அல்லவா.

இந்தக் கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். 2008 இல் அமெரிக்காவில் வந்த உயர்கல்விச் சட்டத்தின்படி, தொலைக்கல்வி நடத்துகிற நிறுவனம், பதிந்தவரும் படித்து முடிப்பவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிப்படுத்த ஏதாவது ஒரு வழி வைத்திருக்க வேண்டும். தனிக் கடவுச்சொல், மேற்பார்வையுள்ள பரீட்சை, வேறு தொழில்நுட்பம் என்று இதில் எதுவும் இருக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் இரண்டாவதைத் தெரிந்தெடுத்திருக்கிறது. அந்த விதிகளிலேயே உங்களுக்கு உதவக்கூடிய இன்னொன்றும் உண்டு: அடையாளத்தை உறுதிப்படுத்த மேலதிகச் செலவு வருமென்றால் அதைப் பதியும்போதே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் புதுக் கட்டணம் ஒன்று முளைத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, யாரைப் பிடிப்பது? சொந்தக்காரர், சிநேகிதர், கூடப் படிப்பவர், ஒரே வீட்டில் இருப்பவர் எல்லாம் சரிவராது. பொதுவாக ஏற்கப்படுவது ஆசிரியர், அதிபர், விரிவுரையாளர், நூலகர் போன்றவர்கள். சமாதான நீதவானைக் கேட்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். கேட்கலாம், ஆனால் அவருக்கும் அந்த மின்னஞ்சல் பிரச்சினை வரும். எனக்குக் கடைசியில் வழி திறந்தது கிளிநொச்சி அறிவியல்நகரில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அங்கே இருக்கின்றன, அங்குள்ள விரிவுரையாளர்களின் மின்னஞ்சல் முகவரி ஏசி டொட் எல்கே (ac.lk) என்று முடியும், அதைப் பார்த்ததும் எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் மறுபேச்சுப் பேசாது. வவுனியாப் பக்கம் இருப்பவர்களுக்கு 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீங்கள் ஒட்டுசுட்டான் என்பதால் மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9 இல் பஸ் எடுத்தால் வடக்கே அறிவியல்நகர், தெற்கே வவுனியா, எது வசதியோ பாருங்கள்.

முன்பின் தெரியாத விரிவுரையாளரிடம் எப்படிப் போவது என்றால், நேரே போங்கள். மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நான் நாலு பேருக்குப் போட்டேன், ஒருவரும் பதில் எழுதவில்லை, நேரில் போனபோது அந்த நாலு பேரில் ஒருவர்தான் உடனே சம்மதித்தார். போகும்போது ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள்: என்ன படிப்பு, பரீட்சை எத்தனை மணித்தியாலம், அவர் செய்ய வேண்டியது என்ன. செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். உங்கள் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், தனக்கு வந்த கடவுச்சொல்லை உங்களுக்குக் காட்டாமல் தானே அடிக்க வேண்டும், முடியும்வரை அறையில் இருக்க வேண்டும், முடிந்ததும் ஒரு சிறு படிவம் நிரப்ப வேண்டும்.

அதைத் தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தாளில் பெயரும் பதவியும் தொலைபேசி இலக்கமும் எழுதி ஒப்பம் வையுங்கள் என்றால் ஆட்கள் இரண்டு தரம் யோசிப்பார்கள். 2009 க்குப் பிறகு எத்தனை படிவம் நிரப்பியிருப்போம், எத்தனை பேர் வந்து பதிந்துகொண்டு போனார்கள். நான் இடையில் கேட்ட ஒரு நூலகர், நல்ல மனுசி, படிவத்தைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு "தம்பி, பிறகு வெளிநாட்டில இருந்து ஏதும் விசாரணை, கிசாரணை எண்டு வராதுதானே?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் ஒப்பம் வைக்கவில்லை, அதில் அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் நாலு பக்கம், அதில் சட்டத்தமிழ் மாதிரி ஒரு சட்ட ஆங்கிலம், யாருக்குத்தான் பயம் வராது. ஆகவே விளங்கப்படுத்துங்கள், படிவத்தை அவரிடமே ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.

ஆளே வேண்டாம், கமராவில் பார்க்கிற ஒன்லைன் மேற்பார்வையை எடுக்கலாமே என்று சிலர் கீழே எழுதக்கூடும். கொழும்பில் தனி அறையும் ஃபைபர் இணைப்பும் இருக்கிறவர்களுக்கு அது சரி. நான் ஒரே ஒரு தரம் எடுத்தேன், வைகாசி மாதம், வற்றாப்பளை அம்மன் பொங்கல் நேரம். பக்கத்துச் சந்தியில் தண்ணீர்ப்பந்தல், ஒலிபெருக்கி, பாட்டு. கமராவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் "அறையில் யாரோ பேசுகிறார்கள்" என்று மூன்று தரம் நிறுத்தினார், அது கோயில் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கப் பரீட்சை நேரத்தில் கால் மணித்தியாலம் போய்விட்டது. நடுவில் அம்மம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து "தேத்தண்ணி குடிக்கேல்லையே?" என்றார், அதற்கு வேறு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். மடிக்கணினியைத் தூக்கி அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். அப்படி அறையைக் காட்டச் சொன்னதை எதிர்த்து அமெரிக்காவிலேயே ஒரு மாணவர் வழக்குப் போட்டு, கிளீவ்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் செய்தது அரசமைப்புக்கு முரண் என்று 2022 இல் தீர்ப்பும் வந்தது. அது அங்குள்ள ஓர் அரச பல்கலைக்கழகத்தைப் பற்றிய தீர்ப்பு, ஒட்டுசுட்டானில் இருந்து அதைக் காட்டி வாதாடலாம் என்று நினைக்காதீர்கள். மாரி மழைக்கு இணையம் இழுபடுவதும் கரண்ட் போவதும் தெரிந்ததுதானே. எனக்கென்றால் பஸ் ஏறிப் போய் ஒரு மனிதருக்கு முன்னால் இருந்து எழுதுவதுதான் நிம்மதி, அங்கே ஜெனரேற்றரும் இருக்கும்.

கரண்டைப் பற்றிச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, டீசலும் இல்லை, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிலைமையை எழுதி, மின்வெட்டு அட்டவணையையும் படமெடுத்து அனுப்பினேன், ஒரு கிழமை தள்ளித் தந்தார்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். முடிந்த பிறகு சொன்னால் சாக்கு என்றுதான் எடுப்பார்கள்.

அடுத்தது நேரம். இதில் நானே விட்ட பிழை ஒன்று. அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் வியாழன் நள்ளிரவு 12.05 க்குப் பரீட்சை திறக்கும். அவர்களின் கோடையில் அது நமக்கு அதே வியாழன் காலை 9.35. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுகிறார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்ப முன்னால். எனக்கு அது தெரியாது. நவம்பரில் வழமைபோல ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தால் பரீட்சை பூட்டியே கிடக்கிறது, மேற்பார்வைக்கு இருந்த விரிவுரையாளர் சேருக்குப் பதினொரு மணிக்கு விரிவுரை. 10.35 க்குத்தான் திறந்தது. அவர் விரிவுரையைப் பின்னேரத்துக்கு மாற்றிவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் புத்தகம் வாசித்துக்கொண்டு இருந்தார், எனக்குத்தான் முதல் அரை மணித்தியாலம் கேள்வி ஒன்றும் தலைக்குள் ஏறவில்லை.

பெயரையும் இப்போதே பாருங்கள். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் போட்டு எழுதுகிறவர்கள், அவர்களின் படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்பார்கள், அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்போம். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயரே இல்லை. நேரில் இருக்கும் தமிழ் மேற்பார்வையாளருக்கு அது பிரச்சினை இல்லை, கமராவில் பார்ப்பவருக்குப் பெரிய பிரச்சினை, கடவுச்சீட்டு கேட்பார். பதிவில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலும் தவணை தொடங்கும்போதே எழுதித் திருத்துங்கள்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் நிறுவன மின்னஞ்சல் இருப்பதால் என்னிடமும் ஆட்கள் வருகிறார்கள், இதுவரை நாலு பேருக்கு மேற்பார்வையாளராக இருந்துவிட்டேன். ஒருவன் மட்டும் பாதியில் "அண்ணா, வெளியில போய் ஒரு பத்து நிமிசம் போன் கதைச்சிட்டு வாங்கோவன்" என்றான். நான் போகவில்லை. அவனுக்கு மனவருத்தம்தான், அடுத்த தவணை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். நீங்கள் கேட்கப்போகிறவரை அப்படி ஒரு இக்கட்டில் வைக்காதீர்கள், அவர் தன் பதவியின் பெயரில் ஒப்பம் வைக்கிறார்.

காசு கொடுக்க வேண்டுமா என்றும் யோசிப்பீர்கள். என்னிடம் ஒருவரும் வாங்கவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று வீட்டுப் பனங்கிழங்கு ஒரு கட்டுக் கொண்டுபோனேன், அதையும் பரீட்சை முடிந்து படிவம் அனுப்பிய பிறகுதான் கொடுத்தேன், இல்லாவிட்டால் அதுவே வேறு மாதிரித் தெரியும்.

உங்கள் பரீட்சைத் திகதியை எழுதவில்லை. ஆறு கிழமைக்கு மேல் இருந்தால் அவசரப்பட வேண்டாம், முதலில் மாணவர் கையேட்டில் மேற்பார்வையாளர் தகுதி என்ற பகுதியை எடுத்து ஜிமெயில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குறைவாக இருந்தால் நாளைக்கே அறிவியல்நகர் பஸ்ஸில் ஏறுங்கள்.