தண்ணீர் ஊற்றியும் சாகாத கரி

கேள்வி: திறந்தவெளியில் கரி கிரில் வைத்துச் சமைக்கிறோம். முடிந்ததும் பாதிக் கரி மிச்சமாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கின்றன. ஒருமுறை அடுப்பின் எனாமலே பெயர்ந்துவிட்டது. சரி என்று அப்படியே விட்டு, மறுநாள் காலை சாம்பலை அள்ளிக் குப்பைத்தொட்டியில் கொட்டினால், பிளாஸ்டிக் அடிப்பாகம் உருகிவிட்டது. மூடி போட்டாலும் புகை கசிகிறது. மிச்சக் கரியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளவும் வேண்டும். என்ன செய்வது?

பதில்: உருகிய தொட்டியிலிருந்தே தொடங்குகிறேன். சுடர் இல்லையென்றால் நெருப்பு இல்லை என்று நினைத்துவிட்டீர்கள். விறகில்தான் சுடர் முக்கியம். கரியில் சுடராக எரியக்கூடிய வாயு ஏற்கெனவே பெரும்பாலும் போய்விட்டது. அதன் மேற்பரப்பு காற்றோடு கலந்து சத்தமில்லாமல் கனலும். மேலே படியும் வெள்ளைச் சாம்பல் கம்பளி மாதிரி சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? குவியலுக்குள் புதைந்த கங்கு 24 மணி நேரம் தாண்டியும் உயிரோடு இருக்கும். நீங்கள் அள்ளும்போது சாம்பல் உதிர்கிறது, காற்றுப் படுகிறது, கங்கு மறுபடி சிவக்கிறது.

கரி மறுபடி வேண்டும் என்பதால் உங்களுக்கு ஏற்றது காற்றை அடைக்கும் வழிதான். மேல் துளை, கீழ்த் துளை இரண்டையும் முழுக்க மூட வேண்டும். பலர் மேலே மட்டும் மூடிவிட்டு, சாம்பல் விழும் கீழ்த் துளையை மறந்துவிடுகிறார்கள். அந்தத் துளையின் தகட்டில் சாம்பல் கட்டி சிக்கியிருந்தாலும் அது முழுதாக மூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் பற்றவைப்பதற்கு முன்பே தகட்டை இருபுறமும் நகர்த்திப் பாருங்கள். எல்லாம் மூடி கால் மணி நேரம் கழித்தும் மூடி ஓரத்தில் புகை வந்துகொண்டிருந்தால், புகை வெளியே வரும் அதே இடுக்கு வழியாகக் காற்றும் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி, இழுத்துப் பாருங்கள். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் இடைவெளி. வளைந்த விளிம்பை நிமிர்த்தலாம், சூடு தாங்கும் இழைப் பட்டை ஒட்டலாம். மலிவான மூடிகள் பலவற்றில் இரண்டாலும் பயன் இருக்காது.

அப்படியானால் தனி அணைப்பு டப்பா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் செய்த கெட்டி இரும்புப் பாத்திரம், இறுக்கமாக உட்காரும் இரும்பு மூடி, இவ்வளவே போதும். நீளமான இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டு மூடுங்கள். கையில் தடித்த தோல் கையுறை இருக்கட்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் பொறி பறக்கும். டப்பாவைச் செங்கல் மேல் வையுங்கள், மரத்தளத்தில் வேண்டாம். சுவரிலிருந்தும் பந்தலிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

10 லிட்டர் டப்பாவுக்குள் அடைபடும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு ஏறக்குறைய 1 கிராம் கரியைத்தான் எரிக்க முடியும். எனவே நன்றாக மூடிய டப்பாவில் எரிவது விரைவில் நின்றுவிடும். ஆனால் சூடு நிற்காது. எரிவது வேறு, சூடாக இருப்பது வேறு. இரண்டு மணி நேரம் கழித்து, "அணைந்ததா பார்ப்போம்" என்று திறந்தால், சூடாகவே காத்திருக்கும் கரி வரும் காற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி பற்றும். அடுப்பு மூடியும் அப்படித்தான்: அடைபட்டுக் கிடக்கும் எரிவாயு, திடீரென்று நுழையும் காற்றோடு சேர்ந்து குப்பென்று முகத்துக்கு நேரே எரியலாம். திறந்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு விரல் அளவு தூக்கிப் பிடித்து, சற்றுப் பொறுத்து, பிறகு முழுதாகத் திறங்கள். ஆனால் மறுநாள் வரை தொடாமல் இருப்பதே சரி.

டப்பா வாங்கும்போதுதான் ஏமாறுகிறார்கள். "சாம்பல் வாளி" என்று பெயர் ஒட்டி, மெல்லிய தகரத்தில், ஈயப்பற்று வைத்த மூட்டோடு விற்கிறார்கள். அந்தப் பற்று ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸிலேயே இளகும். கங்கு 700-ஐத் தாண்டி நிற்கும். அடி கழன்று விழ எவ்வளவு நேரம் ஆகும்? துத்தநாகம் பூசிய வாளியிலும் உலர்ந்த கங்கைப் போடாதீர்கள். 420 டிகிரியில் துத்தநாகம் உருகிவிடும். மூடியில் ரப்பர் வளையம், பிளாஸ்டிக் பிடி இருந்தால் அதை விற்பவர் கங்கையே பார்த்ததில்லை என்று பொருள். திருகி இறுக்கும் மூடியும் வேண்டாம், உள்ளே அழுத்தம் ஏறும். "அணைப்புப் பொடி", "தீத்தடுப்புப் பை" என்று தலையில் கட்டப் பார்ப்பவர்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றி வைக்கும் யோசனையும் உதவாது, மடிப்பு வழியாகக் காற்றுப் போகும்.

கரி வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும் என்ற நாளில் தண்ணீரே சரி. ஆனால் நீங்கள் செய்தது தலைகீழ். தண்ணீரைக் கரி மேல் ஊற்றாமல், கரியைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். உங்கள் முகத்தில் சாம்பலை அடித்தது அதுதான். எனாமல் பெயர்ந்ததும் திடீர்க் குளிர்ச்சியால். வார்ப்பிரும்பும் பீங்கானும் விரிசலே விடும். 1 கிலோ கரிக்கு 5 லிட்டர் என்ற கணக்கில் உலோக வாளியில் முதலில் தண்ணீர் நிரப்பி, துண்டு துண்டாக உள்ளே விடுங்கள். கரியில் நுண்துளைகள் நிறைய, அதனால் மிதக்கும். அடிப்பாகம் நனைந்து, மேல்பாகம் கனன்றுகொண்டே இருக்கும். "தண்ணீரில் போட்டும் அணையவில்லை" என்பவர்கள் கவனிக்காத இடம் இது. இடுக்கியால் அமுக்கிப் பிடியுங்கள், புரட்டுங்கள், சீறல் நிற்கும்வரை விடாதீர்கள். சாம்பல் கலந்த நீர் காரத்தன்மை உள்ளது. கண்ணில் தெறிக்க விடாதீர்கள், அடுப்புக்குள்ளும் தேங்க விடாதீர்கள், உலோகத்தை அரிக்கும்.

மணலை மேலே கொட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காத வழி. மணல் கங்கை மறைக்கும், சூட்டைச் சேமிக்கும். அடுத்து வெறுங்காலோடு வருபவருக்கு அங்கே நெருப்பு இருப்பது தெரியாது.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தீக்குச்சி காட்டியதுமே பற்றும் வட்டக் கரித்துண்டுகள் சிலவற்றில் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற ஆக்சிஜன் தரும் உப்பு சேர்த்திருக்கும். ஓரத்தில் தீ வைத்ததும் சிறு பொறிகள் சடசடவென்று துண்டின் குறுக்கே தானாக ஓடினால் அந்த வகை என்று அறியலாம். பொறி ஓடும் நேரத்தில் டப்பாவில் போட்டு மூடிப் பயனில்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொண்டுவந்திருக்கிறது. காற்றை அடைத்தாலும் எரியும், வாயு கிளம்பி மூடியைத் தள்ளும். பொறி முழுக்க நின்று, துண்டு முழுவதும் ஒரே சீராகச் சிவக்கட்டும். அதற்குப் பிறகு அதுவும் சாதாரணக் கரிதான், மூடலாம். பொறுக்க நேரமில்லையா, தண்ணீரில் அமுக்குங்கள். பையில் இதை எழுதி விற்றால் என்ன குறைந்துவிடும்? "பத்திரமாக அப்புறப்படுத்தவும்" என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி அச்சடிப்பதோடு பலருக்குக் கடமை முடிந்துவிடுகிறது. எப்படி, எத்தனை மணி நேரம் கழித்து, எதில் என்று கேட்டால் பதில் இல்லை. ஆறிய சாம்பல் மட்டும் போடலாம் என்று குப்பை விதியில் எழுதுபவரும் ஆறியதை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்வதில்லை.

அணையும் கரியை, டப்பாவோடு சேர்த்து, வெளியிலேயே விடுங்கள். மழை வந்தாலும் வீட்டுக்குள், வண்டிக்குள், கூடாரத்துக்குள் எடுத்துப் போகாதீர்கள். காற்றுக் குறைந்து கனலும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். சன்னல் திறந்திருக்கிறது என்ற சமாதானம் போதாது. "புகையில்லாக் கரி, அறைக்குள் வைக்கலாம்" என்று சொல்லி விற்பவர் உங்கள் உயிரை வைத்து வியாபாரம் செய்கிறார். புகை இல்லாததால் இந்த வாயு இல்லை என்று ஆகிவிடாது.

சாம்பலை 48 மணி நேரத்துக்குப் பிறகு அள்ளுங்கள். முதலில் புறங்கையைச் சற்று உயரத்தில் நீட்டி வெதுவெதுப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கம்பியால் கிளறி மறுபடி பாருங்கள். கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து கூழாக்கிவிடுங்கள். வீட்டுத் தூசி உறிஞ்சியால் சாம்பலை இழுக்காதீர்கள். ஒரு சிறு கங்கு போதும், உறிஞ்சும் காற்றே அதை ஊதிப் பையை எரித்துவிடும்.

மிச்சக் கரியைச் சல்லடையில் போட்டுக் குலுக்கி, சாம்பலை உதிர்த்துவிட்டு வையுங்கள். சாம்பல் ஒட்டியிருந்தால் காற்றுப் புகாமல் மந்தமாக எரியும். பழையதைப் புதுக் கரியோடு பாதிக்குப் பாதி கலந்தால் சூடு குறையாது. மரக்கரி நனைந்திருந்தால் நல்ல வெயிலில் சில நாள் காயவைத்து எடுக்கலாம். அச்சில் அழுத்திய கரிக்கட்டி நனைந்தால் சேறாகிவிடும், அதைத் தூக்கிப் போடுங்கள்.