முதல் மின்வாசிப்பான்: கையில் 200 வெள்ளி, மனத்தில் ஏழு கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் அத்தனையும் மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான மின்வாசிப்பான் பற்றியவை. பெருவிரைவு ரயிலில் மடியில் புத்தகம் விரிப்பவர்கள் அருகிவருகிறார்களே என்று வருந்திக்கொண்டிருந்த எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சி. பதில்களுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். கடையில் விலை கேட்பதற்கு முன்பு, அடுத்துப் படிக்க நினைக்கும் 5 புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கே கிடைக்கும் என்று குறியுங்கள். நூலகத்திலா, அமேசானிலா, இணையத்தில் இலவசமாகவா, நண்பர் அனுப்பிய பிடிஎஃப் கோப்பாகவா? எந்தக் கருவி உங்களுக்கு ஏற்றது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

200 வெள்ளிக்கு மேல் போக முடியாது, ஐயா. கிண்டிலா, கோபோவா? பெரும்பாலும் ஆங்கில நாவல்கள் படிப்பேன், இடையிடையே தமிழ்.
பொங்கோல் வாசகி

அமேசானின் கிண்டிலைவிட, அதற்குப் போட்டியான கோபோதான் உங்களுக்கு ஏற்றது, அம்மா. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தை வைத்துத்தான் இப்படிச் சொல்கிறேன்.

வாரியத்தின் மின்னூல்களில் பெரும்பகுதி ஓவர்டிரைவ் சேவை வழியாக வருகிறது. கைப்பேசியில் ஓவர்டிரைவின் லிபி செயலி வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமானதே. கோபோ கருவிகளுக்குள்ளேயே ஓவர்டிரைவ் வசதி இருக்கிறது. அமைப்புகள் பகுதிக்குப் போய் நூலகக் கணக்கை ஒருமுறை இணைத்துவிட்டால், படுக்கையில் இருந்தபடியே புத்தகத்தை இரவல் வாங்கலாம். தவணை முடிந்ததும் அது தானாகத் திரும்பிப் போய்விடும். அபராதம் என்ற பேச்சே இல்லை. கிண்டிலுக்கு லிபி வழியாக நூலகப் புத்தகத்தை அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. இங்கே கிண்டில் வாங்கியவர் நூலக மின்னூலைப் படிக்க மறுபடியும் கைப்பேசியைத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாவல் 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 14 நாவல்களை இரவல் வாங்கிப் படித்ததுமே கருவியின் விலை திரும்பிவிடுகிறது.

உங்கள் வரவுசெலவை ஒட்டி ஒப்பிடத்தக்கவை அடிப்படைக் கிண்டிலும் கோபோ கிளாரா பிடபிள்யூவும். 2024இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் இவற்றின் விலை முறையே 109.99, 129.99 அமெரிக்க டாலர். இரண்டுக்கும் 6 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 16 ஜிபி சேமிப்பு. எழுத்தின் கூர்மையில் வேறுபாடு காண முடியாது. கிளாராவில் கூடுதலாக இரண்டு நன்மைகள் உண்டு: இரவில் மஞ்சளாக மாற்றிக்கொள்ளும் விளக்கு, தண்ணீர் பட்டாலும் தாங்கும் காப்பு. அடிப்படைக் கிண்டிலில் இவை இரண்டும் இல்லை. திடீர் மழையில் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடும் ஊர் இது. தண்ணீர்க் காப்பை நான் சிறிதாக நினைக்கமாட்டேன்.

உங்கள் தாளில் 5 புத்தகமும் அமேசானில் மட்டுமே கிடைக்கும் தமிழ் நூல்கள் என்றால் என் பதில் அப்படியே மாறும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தபின் நம் எழுத்தாளர்கள் பலர் நேராக அங்கேயே வெளியிடுகிறார்கள். அந்த நூல்களைக் கோபோ போன்ற மற்ற மின்வாசிப்பான்களில் பெரும்பாலும் படிக்க முடியாது.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9% பொருள் சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 2023 முதல் வரி உண்டு. அவசரமில்லை என்றால் நவம்பர், டிசம்பரில் வரும் 11.11, 12.12 இணைய விற்பனைகள்வரை பொறுத்திருங்கள்.

என் கருவியில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. சில புத்தகங்களில் வெறும் கட்டங்கள். கருவி பழுதா?
அங் மோ கியோ வாசகர்

பழுதில்லை. இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன.

கட்டங்கள் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். கருவியைக் கம்பியால் இணைத்து, ‘ஃபான்ட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள கோப்புறைக்குள் அதைப் போடுங்கள். கோபோவில் அந்தக் கோப்புறை இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். பிறகு படிக்கும் பக்கத்தில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து அதைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்து உடைவது வேறு கதை. ‘கொ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும், நடுவில் ககரம். கணினிக்குள் ககரம் முதலில், குறி அடுத்து என்றுதான் அது சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னே தள்ளிவைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய கருவி ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். ‘கொடி’ என்ற சொல்லில் ககரம் தனியே நிற்க, கொம்பு அதன் வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கியது. அப்படி 300 பக்கம் படித்தால் தமிழ்மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

அதனால் எந்தக் கருவியையும் வாங்குமுன், ‘கொக்கு, கோயில், கௌரி, கை, ஸ்ரீ, லக்ஷ்மி’ என்று எழுதிய ஒரு சிறு கோப்பை அதில் திறந்து பாருங்கள். ஆறு சொல்லும் சரியாக வந்தால் நம்பி வாங்கலாம். கிண்டிலில் தமிழ் நன்றாக அமைகிறது. கோபோவில் கோப்பின் வகையைப் பொறுத்து மாறலாம். கோபோவுக்கே உரிய கேஈபப் என்ற வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது கேஓரீடர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தை நினைவில் வையுங்கள். அங்கே நூல்கள் ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவத்தோடு, 6 அங்குலத் திரைக்கென்றே அளந்த பிடிஎஃப் வடிவத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே எழுத்துருவும் அமைப்பும் இருப்பதால் எழுத்து உடைய வழியில்லை. நம் திரையின் அளவை நினைத்து அப்படி ஒரு வடிவத்தைச் செய்து வைத்த தன்னார்வலர்களுக்கு என் வணக்கம்.

இலவசத் தமிழ் நூல்கள் வேறு எங்கே?
பிடோக் வாசகர்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு, சங்க இலக்கியம் முதல் 20ஆம் நூற்றாண்டு எழுத்துகள்வரை கொண்ட பெருஞ்சுரங்கம். அங்கே பொதுக் குறியீடான யுனிகோடு வடிவத்தையே எடுங்கள். இணையப் பக்கமாக உள்ள கோப்பைக் காலிபர் என்ற இலவச மென்பொருளால் ஈபப் ஆக்குவது இரண்டு நிமிட வேலை. தமிழ்ப் பிடிஎஃப் கோப்பை ஈபப் ஆக்க முயன்றால் பெரும்பாலும் எழுத்துகள் சிதையும். அந்த வழியே வேண்டாம். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளம்; ஈபப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் எழுத்துகளைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல். சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டையொட்டி, 1965 முதல் இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் நூற்றுக்கணக்கில் மின்மயமாக்கப்பட்டு 2015இல் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவை அச்சுப் பக்கங்களின் படிமங்கள் என்பதால் பெரிய திரையில் படிப்பதே நல்லது. என்றாலும் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் ஈபப் கோப்பை அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாகத் தங்கள் கருவிக்கு அனுப்பலாம். 2022 முதல் ஈபப் ஏற்கப்படுகிறது. கிண்டிலின் பழைய வடிவமான மோபி கோப்புகளை அந்த வழியில் இப்போது அனுப்ப முடியாது.

அப்பாவுக்கு 74 வயது. தடித்த புத்தகத்தைப் பிடித்தால் கை வலிக்கிறது என்கிறார். தமிழ் மட்டுமே படிப்பார். 6 அங்குலம் போதுமா?
தோ பாயோ வாசகி

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். எடையைப் பொறுத்தவரை கவலையில்லை: அடிப்படைக் கிண்டில் 158 கிராம், கிளாரா 174 கிராம். சிக்கல் தமிழ்ச் சொற்களின் நீளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் ஒரு வரியில் ஐந்தாறு சொற்கள் அடங்கும். தமிழில் ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே சொல் 6 அங்குலத் திரையில் ஒரு வரி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டு சொற்கள். அவற்றை இரு ஓரங்களுக்கும் இழுத்துக் கட்டுவதால் நடுவில் பள்ளம் விழுந்ததுபோல வெள்ளை இடம். வயதானவர்களின் கண் அந்தப் பள்ளத்தில் தடுமாறுகிறது. என் அம்மாவின் விரல் திரையில் வரியைத் தேடிக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது புரிந்தது.

முதலில் செய்ய வேண்டியது, பத்தியை இடப்பக்க ஓரத்தில் மட்டும் ஒழுங்குபடுத்தும்படி அமைப்பை மாற்றுவது. பக்க ஓர இடைவெளியை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். இதிலேயே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். பிறகும் சிரமப்பட்டால் 7 அங்குலத் திரை வேண்டும். 2024ஆம் ஆண்டின் கிண்டில் பேப்பர்வைட் அந்த அளவு. விலை கூடுதல்தான், ஆனால் அப்பாவுக்கு வாங்குவதில் இந்த ஒரு கூடுதல் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். முடிந்தால் அவரையே கடைக்கு அழைத்துச் சென்று, அவர் விரும்பும் எழுத்தளவில் ஒரு பக்கத்தை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசிபோல வேகமாகத் தேய்த்தால் பக்கம் தாவிவிடும், வலது ஓரத்தை மெல்லத் தொட்டால் போதும் என்று காட்டிக்கொடுங்கள். பக்கம் மாறும்போது திரை ஒரு கணம் கறுத்து வெளுப்பது இயல்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். பழுதாகிவிட்டதோ என்று அஞ்சிக் கருவியை அலமாரியில் வைத்துவிட்ட பெரியவர்களை நான் அறிவேன்.

கரோசெல் விற்பனைத் தளத்தில் பழைய கருவி 60 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
சுவா சூ காங் மாணவர்

வாங்கலாம், தம்பி, ஆனால் விற்பவரை நேரில் சந்தித்து வாங்குங்கள். ரயில் நிலையத்தில் வெளிச்சமான இடமாகச் சந்தித்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தம் கணக்கிலிருந்து கருவியை நீக்கியிருக்கிறாரா என்பதே முதல் சோதனை. நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் வாங்கிவந்து, முந்தைய உரிமையாளரின் கணக்கு அகலாமல், புதுப் புத்தகம் ஒன்றைக்கூட வாங்க முடியாமல் மூன்று வாரம் அவரைத் தேடினேன். அவர் கண்முன்னே கணக்கை நீக்கி, கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்து உங்கள் கணக்கைப் பதிந்த பிறகே காசு கொடுங்கள்.

அடுத்தது திரை. மின்வாசிப்பானின் மின்மைத் (இ-இங்க்) திரையில், கறுப்பு வெள்ளைத் துகள்கள் நிரம்பிய நுண்குமிழிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. மேலே கீறல் ஒன்றும் தெரியாமலே உள்ளே அது உடைந்திருக்கலாம். பக்கத்தை நான்கைந்து முறை திருப்புங்கள்; நகராமல் நிற்கும் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்யும் செலவில் வேறு கருவியே வாங்கலாம். திரைவிளக்கை எரியவிட்டு, வெளி வெளிச்சத்தைக் கையால் மறைத்து, ஓரங்களில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மின்னேற்றும் துளை பழைய வகையா, யூஎஸ்பி-சி வகையா என்றும் கவனியுங்கள்.

வாங்கியதும் உறை போடுங்கள். காலை நேரக் கூட்டத்தில் பைக்குள் தண்ணீர்ப் போத்தலோடு நெருங்கிய கருவிகள்தான் அதிகம் உடைகின்றன.

துவாஸ் தங்குவிடுதியில் இருக்கிறேன். இந்தியக் கணக்கில் 30 தமிழ்ப் புத்தகம் கிண்டில் செயலியில் வாங்கியிருக்கிறேன். இங்கே கருவி வாங்கினால் அவை வருமா?

வரும், தம்பி. கருவி எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பது பொருட்டில்லை. எந்தக் கணக்கில் பதிகிறீர்கள் என்பதே முக்கியம். உங்கள் இந்தியக் கணக்கிலேயே பதியுங்கள், 30 புத்தகமும் இறங்கிவிடும். இங்கே புதிதாகக் கணக்குத் தொடங்கிவிடாதீர்கள். பழைய புத்தகங்கள் அதில் தெரியாது. ஊருக்குப் போகும் எண்ணம் அண்மையில் இருந்தால் அங்கே வாங்குவதும் நல்ல யோசனை, உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கே பொருந்தும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 12 பேர் படுக்கும் அறையில் விளக்கணைத்த பிறகு படிப்பவர் நீங்கள் என்றால் திரைவிளக்கு இல்லாத பழைய மாதிரிகளை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். நூலக மின்னூல்களும் வேண்டுமென்றால், நூலக உறுப்பியம் சிங்கப்பூரர்களுக்கு இலவசம். வெளிநாட்டவர்களுக்குக் கட்டணம் இருக்கலாம், நூலகத்திலேயே விசாரியுங்கள்.

பல்கலைக்கழகப் பாடக்குறிப்புகள் எல்லாம் ஏ4 பிடிஎஃப். மலிவான மின்வாசிப்பானில் படிக்கலாமா? வண்ணத் திரை உதவுமா?
ஜூரோங் மாணவி

வேண்டாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், 6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 91. பக்கம் பாதிக்கும் கீழாகச் சுருங்கி, 12 பாயின்ட் அளவு எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடும். பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிப்பது தேர்வு நேரத்தில் உங்களைக் களைப்பாக்கும். வண்ண மின்மைத் திரையும் இதைத் தீர்க்காது. அதில் வண்ணத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளிகளே, பின்னணியும் சற்று மங்கல். பாடக்குறிப்புகளுக்குப் பழைய டேப்லட் ஒன்றே போதும். மின்வாசிப்பானைத் தேர்வு முடிந்து, நாவலுக்காக வாங்குங்கள்.