திரை வேண்டாம், அரை மணி நேரம்தான் என்றால்

பகல் முழுக்கக் கணினி, இரவில் கிடைப்பது அரை மணி நேரம், எதைத் தொட்டாலும் ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறது, திரை இல்லாத பொழுதுபோக்கு ஒன்று சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்: வானம் பார்ப்பது. மொட்டை மாடியோ, ஒரு பால்கனியோ போதும்.

உடனே டெலஸ்கோப் வாங்கப் போய்விடாதீர்கள். மலிவான டெலஸ்கோப்பின் ஆட்டம் காணும் முக்காலியே பாதிப் பேரை விரட்டிவிடும். 10x50 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலாக்கள்தான். சில நேரம் ஒன்றிரண்டு வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். உங்கள் சலிப்புக்கு இதுதான் சரியான மருந்து என்று நினைக்கிறேன்.

நிலாவைப் பார்க்கப் பௌர்ணமி வரை காத்திருக்காதீர்கள். அன்று நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைநிலா நாட்களில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டருகே பாருங்கள், பள்ளங்களின் விளிம்பு பளிச்சென்று தெரியும்.

அப்புறம், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் கைபேசியை எடுத்தால் மறுபடி முதலிலிருந்துதான். பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் எப்போதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.