செல்லின் பாகங்களை எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகிறதே, என்ன செய்வது?

படிவம் நான்கு படிக்கிறீர்கள், டியூஷனில் கொடுத்த படத்துக்கு அம்புக்குறி போட்டுப் போட்டே கை வலிக்கிறது, சரிதானே? பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் இல்லை. 'இவருக்கு என்ன தெரியும்' என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். வெங்காயம் உரித்ததில் என்னை மிஞ்ச ஆளில்லை.

வெளியே இருக்கும் செல் சுவரையும் அதை ஒட்டி உள்ளே இருக்கும் செல் சவ்வையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளைகள் குறைவு. படத்தில் இரண்டும் ஒட்டிக்கிடக்கும் கோடுகள், எப்படி மனதில் நிற்கும்? சௌரஸ்தா மார்க்கெட்டில் நல்ல கருஞ்சிவப்பு வெங்காயமாகப் பார்த்து வாங்குங்கள். சதை மடலின் வெளிப்பக்கத்தில் மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடி நுண்ணோக்கியில் பாருங்கள். சாயமே வேண்டாம், செல்கள் ஊதாவாகத் தெரியும். அந்த நிறம் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் இருப்பது.

அப்புறம் அந்த வில்லையின் ஓர் ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதா சுருங்கி உள்ளே போகும், சுவர் இருந்த இடத்திலேயே நிற்கும். செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறியதால் சவ்வு சுவரை விட்டு விலகிவிட்டது. சவ்வின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான். பள்ளி நுண்ணோக்கியில் அதைத் தனியாகப் பார்க்க முடியாது, எங்கே இருக்கிறது என்பது தெரியும். உடனே நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மறுபடி விரியும். "அங்கிள், அப்ப இது இன்னும் உயிரோடதான் இருக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பரீட்சைத் தாளில் வராத கேள்வி. ஆமாம், உயிரோடுதான் இருந்தது.

பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தைத் தேடாதீர்கள், அந்தத் தோலில் இருக்காது. புத்தகப் படத்தில் இருப்பதெல்லாம் எல்லாத் தாவர செல்லிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் போன்ற மிகச் சிறிய பாகங்களுக்குப் படம்தான் கதி, அதை மறுக்கவில்லை.

நுண்ணோக்கி எங்கே என்கிறீர்களா? உங்கள் பள்ளி அலமாரியில் பூட்டியிருக்கும். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். சாவிக்கு நான் நடந்த நடை! அறிவியல் விழா முடிந்து நன்றி சொல்லும்போது நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் பெயர்கூட வரும், ஆய்வுக்கூடத்துக்காரன் பெயர் ஒரு வருடமும் வந்ததில்லை.