முதல் சரித்திர நாவலாக எதை எடுப்பது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் நூறு பக்கத்துக்குள் நிறுத்திவிட்டேன். யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஏற்ற எளிய சரித்திர நாவல்கள் எவை? எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் உடன் படிக்க ஆசைப்படுகிறாள்.

பதில்: உங்களிடம் ஒரு குறையும் இல்லை. கிளை நூலகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் நான். எங்களிடம் இருந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் முதல் பாகத்துக்கு இரண்டு முறை பைண்டிங் மாற்ற வேண்டியிருந்தது. ஐந்தாம் பாகத்தின் முதுகில் ஒரு மடிப்புகூட விழவில்லை. இடையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த இரண்டு அட்டைகளே சொல்லும். நின்றவர்களில் பலர் வேறு நாவல்களை ஆவலோடு படித்து முடித்தவர்கள்தான்.

எங்கே நிற்கிறார்கள் என்றும் கவனித்திருக்கிறேன். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும்போது யாருக்கும் சிரமம் இல்லை. கடம்பூர் மாளிகையில் நடுநிசிக் கூட்டம் கூடுகிறதே, அங்கேதான் சறுக்கல். சிற்றரசர்கள் கூடி, அடுத்த பட்டம் யாருக்கு என்று பேசும்போது பெயர்கள் மழைபோலக் கொட்டுகின்றன. விஷயம் இவ்வளவுதான்: கண்டராதித்தர் இறந்தபோது அவருடைய மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அதனால் அரியணை தம்பி அரிஞ்சயருக்கும், பின்பு அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கும் போனது. இப்போது சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கிறார். அடுத்து அவருடைய மகனுக்கா, பெரியப்பா மகனுக்கா? நம் ஊர்ச் சொத்துத் தகராறு போன்றதுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் அந்த அத்தியாயம் தெளிவாகிவிடும்.

இன்னொரு தடங்கல், ஒரே ஆளுக்குப் பல பெயர்கள். அருள்மொழிவர்மர்தான் பொன்னியின் செல்வன், பிற்காலத்து ராஜராஜனும் அவரே. பழுவூர் இளையராணி என்றாலும் நந்தினி என்றாலும் ஒருத்திதான். இளைய பிராட்டி என்றால் குந்தவை. இந்த நாவல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. அன்றைய வாசகருக்கு ஒரு இதழுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள் இருந்தது. வீட்டிலும் திண்ணையிலும் பேசிப் பேசிப் பெயர்கள் மனத்தில் படிந்தன. ஓவியர் மணியத்தின் படங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் இருந்தது. நாமோ ஒரே மூச்சில் எட்டு அத்தியாயம் படித்துவிட்டு, மறுநாள் எல்லாரையும் மறந்துவிடுகிறோம். ஆகவே எப்போது திரும்ப எடுத்தாலும் நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும். மணியம் படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதல் பலன்.

ஆனால் அதை இப்போது எடுக்க வேண்டாம். 'பார்த்திபன் கனவு' எடுங்கள். கல்கியின் முதல் சரித்திர நாவல் இது. மூன்று பாகங்கள் என்றாலும் ஒரே புத்தகமாகக் கைக்கு அடக்கமாகக் கிடைக்கும். முதல் அத்தியாயத்தின் பெயர் 'தோணித்துறை'. உறையூருக்கு அருகே காவிரிக் கரையில் பொன்னன் என்ற படகோட்டியும் அவன் மனைவி வள்ளியும் ஒரு குடிசையில் வாழ்கிறார்கள். பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்த ஒரு சிறிய சோழ மன்னன், தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் புறப்படுகிறான். அவன் மகன் என்ன ஆகிறான் என்பதுதான் கதை. தலைமுறைப் பட்டியல் எதுவும் தேவையில்லை. பத்துப் பெயர்களைத் தெரிந்துகொண்டால் கதை முழுவதும் கைக்கு வந்துவிடும். அந்தக் காவிரியைத்தான் நீங்கள் தினமும் பாலத்தில் கடக்கிறீர்கள். தெரிந்த மண்ணில் நடக்கும் கதையை முதலில் எடுக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவதுண்டு. திசை, ஆறு, தூரம் ஆகியவை ஏற்கெனவே மனத்தில் இருப்பதால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

இதில் வரும் பல்லவ இளவரசியின் பெயர் குந்தவி. சோழர் கதையின் குந்தவை இவளுக்கு முந்நூறு ஆண்டுகள் பிந்தியவள். இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதை முடித்ததும் 'சிவகாமியின் சபதம்'. கதைக்காலப்படி இதுதான் முந்தியது. இங்கே இளைஞனாக இருக்கும் நரசிம்மவர்மன் அங்கே மூத்த சக்கரவர்த்தி. அப்படியென்றால் இதைத்தானே முதலில் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டாம், எழுதப்பட்ட வரிசையே நல்லது. 'பார்த்திபன் கனவி'ல் ஒரு மர்மம் இருக்கிறது, அது கலையாமல் இருக்கட்டும். நான்கு பாகங்களைத் தாங்கும் பழக்கமும் அதற்குள் வந்துவிடும்.

சரித்திர நாவல் என்றால் ராஜா ராணி கதை என்றே பலர் நினைக்கிறார்கள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. உங்களைப் போலப் பெயர்களில் தடுமாறுபவர்களுக்கு அரண்மனைக்கு வெளியே நடக்கும் நாவல்கள்தான் இன்னும் எளிது. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். நெல்லைச் சீமைக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் கங்காணியின் ஆசைவார்த்தையை நம்பி வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். முன்பணம் கடனாகிறது, கடன் விலங்காகிறது. டேனியல் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்தவர். காய்ச்சலையும் குளிரையும் அவர் எழுதும் விதத்தில் அது தெரியும். இரண்டே பேரின் கைப்பிடித்து முழுப் புத்தகத்தையும் கடந்துவிடலாம். பஸ்ஸில் கண்ணீர் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அதே வரிசையில் ஜெயமோகனின் 'வெள்ளை யானை'. 1870களின் பெரும் பஞ்சமும் சென்னை ஐஸ் ஹவுஸில் வேலை செய்த தலித் தொழிலாளர்களின் போராட்டமும் பற்றியது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிவைத்த அந்தக் கட்டடம்தான் மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. விறுவிறுப்பு மட்டும் போதும் என்ற மனநிலை வரும் வாரத்தில் சுஜாதாவின் 'ரத்தம் ஒரே நிறம்' எடுங்கள். 1857 கிளர்ச்சிக் காலம், சிறிய வாக்கியங்கள்.

சாண்டில்யனைப் பற்றிக் கேட்பீர்கள். 'கடல் புறா', 'யவன ராணி' இரண்டிலும் கதை ஓடும் வேகம் அபாரம். ஆனால் வர்ணனை பக்கக்கணக்கில் நீளும், வாக்கியமும் நீளம். இரண்டு கல்கி நாவல்களுக்குப் பிறகு எடுங்கள், வர்ணனையில் தேங்கினால் தாண்டிப் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்ட பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' அற்புதமான நூல். ஆனாலும் அந்தக் காலத்துப் புதுச்சேரித் தமிழின் நடை பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல், பல நூற்றாண்டுகளின் கதை. அதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் மலிவாக வெளியிடுகின்றன. அட்டையில் 'சுருக்கம்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பத்து வரி படியுங்கள், அச்சுப்பிழை இரண்டு கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். எல்லாப் பாகமும் ஒரே கட்டாக உள்ள குண்டுப் புத்தகம் பஸ்ஸுக்கு ஆகாது, கை வலித்தே வாசிப்பு நின்றுவிடும். செலவு வேண்டாம் என்றால் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் கல்கியின் நாவல்கள் இலவசமாக இருக்கின்றன.

'பொன்னியின் செல்வனி'ல் எது நிஜம், எது கற்பனை என்று மகள் நிச்சயம் கேட்பாள். காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோவிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில், நாவலிலும் வரும் ரவிதாசன் பெயரைச் சொல்கிறது. நந்தினியோ கல்கியின் மனத்தில் பிறந்தவள். வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், அதே ஊரை ஒட்டித்தான் விரிந்து கிடக்கிறது. நாவலின் முதல் காட்சி நடக்கும் இடமும் கொலைக்குச் சாட்சியான கல்லும் ஒரே ஊரில்! ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்வாருங்கள்.

மகளுக்கும் 'பார்த்திபன் கனவு'தான். இரவில் ஒரு அத்தியாயம், ஒரு நாள் நீங்கள் உரக்கப் படியுங்கள், மறுநாள் அவள் படிக்கட்டும். ஒரு அட்டையில் அவளையே பெயர்களை எழுதச் சொல்லி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.